சாய்ஸில் விட்ட பாடம்

கணித நுழைவுத் தேர்வுக்கு எப்போது தயாராகத் தொடங்க வேண்டும் என்று இந்தப் புதுச்சேரியில் நான் கேட்காத ஆள் இல்லை. எல்லாரும் சேர்ந்து எனக்கு இரண்டே பதில்தான் சொன்னார்கள். கொஞ்ச காலம், "இப்பவே இன்னா அவசரம்?" அதற்கப்புறம், "இப்ப வந்து கேட்டா எப்படி?" இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நாள் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், இல்லையா? வெள்ளிக்கிழமை படுத்து ஞாயிற்றுக்கிழமை எழுந்த மாதிரி அந்த நாள் எனக்கு மட்டும் வராமலே போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நுழைவுத் தேர்வு என்றதும் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் எழுதுகிற பரீட்சையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டால் எங்கள் ஊரில் டீ ஆற்றுகிறவரும் சொல்லிவிடுவார். நான் சொல்வது வேறு. வெளியூரில் கணிதத்துக்காகவே இருக்கிற ஒரு கல்வி நிறுவனம். பிளஸ் டூ முடித்தவர்கள் அதில் பட்டப்படிப்பு படிக்கலாம். பொதுத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கினாய் என்று அங்கே கேட்கமாட்டார்கள். மே மாதத்தில் அவர்களே ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் விடையை மட்டும் எழுதினால் போதாது. அது ஏன் விடை என்று எழுத வேண்டும்.

அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது அத்தாவின் கடையில். அத்தா, அதாவது என் அப்பா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார். சனி ஞாயிறு ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒரு கூட்டம் வந்து இறங்கும். மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆளுக்கொரு வண்டி வேண்டும். பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் நான்தான் ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு, சிவப்பு, நீலம் என்று மூன்று நிறத்தில் ஓர் அலமாரி நிறைய ஹெல்மெட். மத்தியானம் வெயிலில் ஆள் வராது. போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தேர்வின் பழைய கேள்வி ஒன்று கண்ணில் பட்டது.

ஏதாவது ஐந்து முழு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஐந்தாக இருந்தாலும் சரி, அவற்றில் ஏதோ மூன்றைக் கூட்டினால் அது மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். ஏன்?

ஏன்! பத்து வருடம் கணக்குப் படித்திருக்கிறேன், ஒரு கேள்வித்தாளும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. ஐந்து எண்களை எழுதிப் பார்த்தேன், வந்தது. வேறு ஐந்து, அதுவும் வந்தது. எரிச்சலாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது. சோறு தின்னும்போது, துணி காயப்போடும்போது, அம்மா பேசும்போதெல்லாம் அதே. "ஏ புள்ள, காது கேக்குதா இல்லியா? யாரையாச்சும் நெனச்சிட்டிருக்கியா?" என்றாள் அம்மா. ஐந்து எண்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றால் நம்பவா போகிறாள்?

பிடிபட்டது ஹெல்மெட் அடுக்கும்போது. எந்த எண்ணையும் மூன்றால் வகுத்தால் மீதி பூஜ்யம், இல்லையென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. மூன்றே வகை, மூன்றே நிறம். ஐந்து ஹெல்மெட் எடுத்தால் மூன்று நிறமும் வந்துவிடலாம். அப்போது நிறத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வேன், மீதிகளைக் கூட்டினால் மூன்று. மூன்று நிறமும் வரவில்லையா, ஐந்தும் இரண்டு நிறத்துக்குள் அடங்கியாக வேண்டும். அப்படியானால் ஒரே நிறத்தில் மூன்று இருந்தே தீரும். ஒரே மீதி மூன்று முறை. அதுவும் வகுபடும். முடிந்தது! தப்பிக்கவே வழியில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை எண்களையும் ஓர் அலமாரி ஹெல்மெட்டை வைத்து மடக்கிவிட்டேன். வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த அத்தாவை இழுத்துவந்து காட்டினேன். அவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, "சரி பாப்பா, இதுக்கு எந்த ஊர்ல காலேஜ்?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி போதும்.

பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரமே கணக்கு சாரிடம் கேட்கத் தயாராக இருந்தேன். உழவர்கரைப் பக்கம் இருக்கிற தனியார் பள்ளி, பேர் வேண்டாம். அதற்குள் அவரே ஒரு நாள் புத்தகத்தின் பொருளடக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு வகுப்பில் நின்றார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. பிளஸ் ஒன் மார்க்க எந்தக் காலேஜும் பாக்காது. பாஸ் ஆனாப் போதும். சீக்கிரமே நாம பிளஸ் டூ போர்ஷன் ஆரம்பிக்கப் போறோம். அதனால நான் சொல்ற லெசன்லாம் சாய்ஸ்ல விட்டுடுங்க."

இந்த ஊரில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேள்வித்தாளில் இது, அல்லது அது என்று இருக்கும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று கணக்குப் போட்டு, எதைப் படிக்காமல் விட்டாலும் தேறலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். அப்படி விட்ட பாடத்தை அப்புறம் யாரும் திறப்பதில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் கடையில் வாங்கின வாசனையோடு அப்படியே இருக்கும்.

வகுப்பு குதித்தது. ஒருத்தன், "சார், டிரிக்னாமெட்ரியையும் விட்டுடலாம் சார்!" என்றான்.

"மொதல்ல உன்ன விட்டுடறேன், உக்காருடா," என்றார் சார். பெரிய சிரிப்பு. அவர் நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். "நாலாவது லெசன். எண்ணுற முறை, இண்டக்‌ஷன் எல்லாம் வருதே, அது. சாய்ஸ்."

என் கை தானாக மேலே போனது. "சார், அந்த லெசன் வேணும் சார்."

பின்னாலிருந்து ஒரு குரல், "யேய் கால்குலேட்டர், கம்முனு உக்காரு. ஒன்னால ஹோம்வொர்க் ஏறப் போவுது."

"எதுக்கும்மா வேணும்?" என்றார் சார். சொன்னேன். அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் என்னவோ ஒரு கணம் வந்துவிட்டுப் போனது. அது என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கு எப்ப ஆரம்பிக்கணும் சார்?"

"இப்பதானம்மா பத்தாவது முடிச்சிருக்க. இப்பவே இன்னா அவசரம்? பப்ளிக்ல சென்டம் எடு மொதல்ல. சென்டம் எடுத்தா எந்தக் கதவும் தொறக்கும்."

நூற்றுக்கு நூறுக்கு எங்கள் பக்கம் சென்டம் என்று பேர். அது ஒரு மார்க் இல்லை, ஒரு மதம். பள்ளி அதற்காக எழுந்து அதற்காகவே தூங்கியது. காலையில் ஸ்லிப் டெஸ்ட், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை முழுப் பரீட்சை. மழைக்காலம் வருவதற்குள் பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பிளஸ் டூ பாடம் படித்துக்கொண்டிருந்தோம். நாலாவது பாடத்தை நானே படிக்கலாம் என்று வீட்டில் பல தடவை திறந்திருக்கிறேன். திறந்தால் மறுநாள் ஸ்லிப் டெஸ்ட் நினைவுக்கு வரும். அதில் குறைந்தால் வாசலில் நிற்க வைப்பார்கள். மூடிவிடுவேன்.

கணக்கை மனப்பாடம் செய்யலாம் என்று வெளியூரில் சொன்னால் சிரிக்கிறார்கள். வந்து பாருங்கள். எந்த வரிக்கு எந்த மார்க், எந்தச் சூத்திரத்தைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும், விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு, எல்லாம் கைக்குப் பழக்கம். பிளஸ் டூவில் ஒரு கணக்கை நான் வேறு வழியில், பாதி நீளத்தில் போட்டேன். சார் திருத்திக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ரைட்டுதான். ஆனா இப்படி எழுதாத. பேப்பர் திருத்தறவர் பயந்துடுவாரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது கோபம்.

பொதுத் தேர்வு நோன்பு மாதத்தில் வந்தது. நாக்கு வறண்டு போய் எழுதினேன், ஒரு கோடு கூடக் கோணவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுனில் இருக்கிற ஒரு பெரிய கோச்சிங் சென்டருக்குப் போனேன். ஏசி அறையில் ஒரு மேடம். நான் எழுதப்போகிற தேர்வைச் சொன்னதும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப வந்து கேட்டா எப்படிம்மா? நாங்க எய்த்துலேர்ந்து ஃபவுண்டேஷன் பேட்ச் வெச்சிருக்கோம். அப்பவே சேந்திருக்கணும். இனிமே ரொம்ப லேட்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "பத்தாவதுலயே கேட்டா மேடம் இவ. அப்ப சீக்கிரம்னாங்க. இப்ப நீங்க லேட்டுங்கறீங்க. வவுத்துல இருக்கும்போதே கூட்டியாந்திருக்கணுமா?"

மேடம் கையில் ஒரு வண்ணத்தாளைக் கொடுத்தார். அதில் தம்பி தங்கை யாராவது இருந்தால் சேர்க்கலாம் என்று போட்டிருந்தது. எனக்குத் தம்பி தங்கை இல்லை. வெளியே வந்து அம்மா அதை நான்காக மடித்து விசிறிக்கொண்டே நடந்தாள்.

அப்போதுதான் மாடிவீட்டுக்காரியிடம் போனேன். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் அவர்கள் வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். அவள் டவுனில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தாள். எங்களுடையது டை கட்டிய பள்ளி, அவளுடையதில் சீருடையே கிடையாது. அந்தப் பொறாமையைத் தவிர அவள் படிப்பைப் பற்றி நான் கேட்டதில்லை. நாலாவது பாடத்தைத் திறந்து, இண்டக்‌ஷன் என்ற வார்த்தையில் விரலை வைத்து, "இது இன்னாடி, எதுவும் புரியல," என்றேன்.

எட்டிப் பார்த்தாள். "ஓ, ரெக்யூரான்ஸ். பிரெஞ்சுல நாங்க அப்படித்தான் சொல்வோம். எங்களுக்கு இந்த வருஷம் இதான். இதை எழுதத் தெரியாம பாஸ் ஆவவே முடியாது."

"சாய்ஸ்ல விட முடியாதா?"

"அப்படின்னா?"

அவளுக்கு அந்த வார்த்தையே தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே மாடிப்படி. மேலே இருக்கிறவளுக்கு அந்தப் பாடம் இல்லாமல் தேர்ச்சி இல்லை, கீழே இருக்கிற எனக்கு அதைப் படிக்காமல் விட்டால் கைதட்டல். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. யார்மேல் என்று சரியாகத் தெரியாததால் மாடிக் கைப்பிடியை ஒரு குத்து விட்டேன், விரல் வீங்கியதுதான் மிச்சம்.

அவள் சொல்லிக் கொடுக்கக் கொடுக்கப் பாதி பிரெஞ்சில் போய்விடுவாள். புரியவைத்தது அத்தாவின் கடைதான். ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சுற்றுலாக்காரர் வரிசையில் முதல் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து தள்ளத் தெரியாமல் சாய்த்துவிட்டார். அது பக்கத்து வண்டிமேல், அது அதற்கடுத்ததன்மேல் என்று கடைசி வண்டிவரை படுத்துவிட்டது. அத்தா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மொத வண்டி சாஞ்சுதும்மா. ஒவ்வொண்ணும் அடுத்ததச் சாச்சுட்டுது. அவ்ளோதான், ஒண்ணு மிச்சமில்ல."

மாடிவீட்டுக்காரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய், அதான்டி! உங்க அத்தா சொன்னாருல்ல, அதான் ரெக்யூரான்ஸ். முதல்து சாயும்னு காட்டு. எது சாஞ்சாலும் அதுக்கு அடுத்ததும் சாயும்னு காட்டு. எல்லாம் சாயும்." கண்ணாடி உடைந்த வண்டிகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் குதித்ததைப் பார்த்து அத்தாவுக்கு நிஜமாகவே வருத்தம்.

புரிவது வேறு, கை பழகுவது வேறு. தேர்வுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. இடையில் பொதுத் தேர்வு முடிவு வந்தது. கணக்கில் சென்டம். இரண்டு நாளில் பள்ளி வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ் பேனர். சென்டம் வாங்கினவர்கள் வரிசையில் என் முகமும், தலைக்கு மேலே ஒரு மலர்வளையம் மாதிரி நூற்றுக்கு நூறும்.

கணித நுழைவுத் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் அத்தா கடையை அடைத்து நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அடைத்தார். மையத்துக்கு வெளியே மரத்தடியில் பையன்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் என்னிடம் சகஜமாகத் திரும்பி, "நீங்க எப்ப ஸ்டார்ட் பண்ணீங்க?" என்றான்.

"நீங்க?"

"சிக்ஸ்த்ல. ஒலிம்பியாட் கிளாஸ் போனேன்ல, அதோட அதுவா வந்துடுச்சு. நீங்க?"

"ஏப்ரல்ல."

"எந்த வருஷம் ஏப்ரல்?"

"போன மாசம்."

அவன் சிரிக்கவில்லை. "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். சிரித்திருந்தால் தேவலாம்.

உள்ளே ஒரு கேள்வி. ஒரு வரிசையில் விளக்குகள். அடுத்தடுத்த இரண்டு விளக்குகள் சேர்ந்து எரியக் கூடாது. எத்தனை விதமாக ஏற்றலாம்? அணைந்தே இருப்பதும் ஒரு விதம்தான். ஒரு விளக்கு என்றால் இரண்டு விதம். இரண்டு விளக்குக்கு மூன்று. மூன்றுக்கு ஐந்து, நான்குக்கு எட்டு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வருகிறது! உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குக் கீழே கேள்வித்தாளில் இருந்தது அந்த ஒரு வரி: காரணம் காட்டுக.

காரணம். கை பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சூத்திரம் எழுதிக் கட்டம் போடவா? ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடவா? அந்தக் கை அவ்வளவு நன்றாகப் பழக்கப்பட்டிருந்தது, ஏன் என்று எழுத மட்டும் அதற்குத் தெரியவில்லை. நேரம் முடிந்து தாளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பும்போது ஈசிஆர் பஸ்ஸில் ஜன்னலோரம். மரக்காணம் தாண்டும்போது உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்னியது. கடைசிப் பாத்தியைப் பார்த்தேன். கடைசி விளக்கு! அது அணைந்திருந்தால் மிச்சமெல்லாம் இஷ்டப்படி, அது ஒரு விளக்கு குறைந்த பழைய கணக்கு. அது எரிந்தால் அதற்கு முந்தையது அணைந்தே ஆக வேண்டும், அது இரண்டு விளக்கு குறைந்த கணக்கு. இரண்டையும் கூட்டு. முடிந்தது. இரண்டு வரி. நாலாவது பாடத்தை ஒரு மாதம் யாராவது நடத்தியிருந்தால் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனும் எழுதியிருப்பான். நான் பஸ்ஸில் சத்தமாக அழுதேன். அத்தா என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "விடை இப்ப வருதா பாப்பா?" என்றார். தலையாட்டினேன். "பஸ்ஸுல எழுதறதுக்கு எடம் குடுக்கமாட்டாங்களே," என்றார் அவர். அழுகையோடு சிரிப்பும் வந்து மூக்கு ஒழுகியது.

முடிவு வந்தபோது பட்டியலில் நான் இல்லை.

டிசி வாங்கப் பள்ளிக்குப் போனேன். பேனர் அப்படியே தொங்கியது. என் சிரித்த முகத்துக்குக் கீழாகவே நடந்து உள்ளே போனேன். ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார், "வாம்மா சென்டம்!" என்று எழுந்தேவிட்டார். தேறவில்லை என்றேன். என்ன கேள்வி வந்தது என்று சொன்னேன். நாலாவது பாடம் என்றேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், குரல் எங்கேயோ போய்விட்டது.

"எந்தக் கதவும் தொறக்கும்னீங்களே சார். எனக்கு வேண்டிய ஒரே கதவ நீங்க சாய்ஸ்ல விட்டுட்டீங்க."

மற்ற ஆசிரியர்கள் பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டார்கள். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் அந்த என்ட்ரன்ஸ் எழுதியிருக்கேம்மா, எம்.எஸ்சிக்கு. கெடைக்கல. அந்த லெசன் எனக்கு ரொம்பப் புடிக்கும். வந்த புதுசுல ஒரு மாசம் எடுத்தேன். கரஸ்பாண்டன்ட் கூப்ட்டு, இதுல எத்தன சென்டம் வரும்னு கேட்டாரு. அதோட விட்டுட்டேன்."

அவர் இதைச் சொன்னால் நான் சமாதானமாகிவிடுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அதுதான் அதிகமாக எரிந்தது. தெரியாமல் விட்டிருந்தால் மன்னித்திருக்கலாம். பிடித்த பாடம்! அதன் ருசி தெரிந்த மனிதர், சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு வருடா வருடம் அறுபது பிள்ளைகளிடம் அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்துவிட்டுப் போனது என்னவென்று இப்போது தெரிந்தது. தெரிந்து என்ன ஆகப் போகிறது?

"இன்ஜினியரிங் போம்மா. ஒரு வருஷத்த வேஸ்ட் பண்ணாத," என்றார் கடைசியில்.

உள்ளூரிலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தேன். மறுபடியும் எழுதப்போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து பேசினார்கள். பெரிய மாமி, "திரும்பவுமா? வயசு நிக்குமா?" என்றாள். வயசு நிற்காது மாமி, அதைத்தானே நானும் இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்! அத்தா மட்டும், "எப்பலேர்ந்து ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டார். பிளஸ் ஒன் புத்தகத்தைக் காட்டினேன். ஒட்டியிருந்த பக்கங்களை அன்று காலைதான் ஒவ்வொன்றாகப் பிரித்திருந்தேன். மாடிவீட்டுக்காரி பிரான்ஸுக்குப் படிக்கப் போய்விட்டாள். போனில் என் விடைகளைப் படம் எடுத்து அனுப்பினால், "இங்க ஏன்னு சொல்லல" என்று சிவப்பில் வட்டம் போட்டு அனுப்புவாள். எத்தனை வட்டம்! ஒரு நாள் வட்டம் இல்லாமல் ஒரு தாள் திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்கு அது சென்டத்தை விடப் பெரிது.

இரண்டாவது முறை கிடைத்துவிட்டது. அந்தக் கோடையில் சேர்க்கைக் கடிதம் வந்தது. அம்மா தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள்.

அந்த வாரமே பள்ளி வாசலில் புது பேனர். என் பழைய படம், பக்கத்தில் அந்த நிறுவனத்தின் பெயர். கீழே பெரிய எழுத்தில்: "எங்கள் பள்ளியின் சிறப்புப் பயிற்சியால்".

ஆபீஸில் போய் எடுக்கச் சொன்னேன். "நல்ல விஷயம்தானம்மா, இதுல இன்னா கோவம்?" என்றார்கள். வீட்டுக்கு வந்து கத்தினேன். அத்தா வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு, கடை ஏணியை ஒரு ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானும் கூடப் போனேன்.

அவர் மேலே ஏறிக் கயிற்றை அறுக்க ஆரம்பித்ததும் வாட்ச்மேன் ஓடிவந்தார். "யோவ் பாய், இன்னா பண்றீங்க?"

"எம் பொண்ணு மூஞ்சிய எடுத்துட்டுப் போறேன்."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுதானா நீ? சரி, பாத்து எறங்குங்க, ஏணி ஆடுது," என்று அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் கேட்டுப் பக்கம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் கேட்டைத் தாண்டி வந்தாள். பிளஸ் ஒன், புது டை. "அக்கா, நீங்கதானே அது? அந்த எக்ஸாமுக்கு எப்பலேர்ந்து படிக்கணும்? சார்கிட்ட கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"இப்பவே இன்னா அவசரம்னாரு."

"நாலாவது லெசன்?"

"சாய்ஸ்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்க அத்தாவோட வண்டிக் கடை. நாளைக்கு வா," என்றேன்.

கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்குக் கோபம் என்று கேட்கிறார்கள். எனக்குக் கடையை அடைத்துவிட்டுக் கூடவே வர ஓர் அத்தா இருந்தார், மாடியில் ஒருத்தி இருந்தாள். அந்தப் பிளஸ் ஒன் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பள்ளிக்கூடம் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஹெல்மெட் அலமாரி செய்கிறது என்பதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லை. சில வாரத்தில் நான் ஊரை விட்டுப் போய்விடுவேன்.

மறுநாள் வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது, அத்தா அந்த பேனரைத்தான் வண்டிகள்மேல் போர்த்தியிருந்தார். உள்ளே ஐந்து ஹெல்மெட்டை எடுத்து மேசைமேல் வைத்து, ஐந்து எண்களின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அத்தா தலையை நீட்டினார். "பாப்பா, அந்தச் செவப்பக் குடு. கஸ்டமர் மழையில நிக்கிறாரு."

கொடுத்தேன். மேசையில் நாலு இருந்தது. இரண்டு கறுப்பு, இரண்டு நீலம்.

அவள் அவற்றை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "நாலு இருந்தா வராதாக்கா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கையைக் காட்டித் தடுத்தாள். "இருங்க. சொல்லாதீங்க. ஏன்னு நானே பாக்கறேன்."